வாளிக்குள் தங்கமீன்

மதிய வெயில் மீன்தொட்டிக்குள் இறங்கிவிட்டால் தையல்காரியின் அறை முழுவதும் தண்ணீராகிவிடும். சுவரில் அலை ஓடும். வெட்டிப் போட்ட துணிகள் பாசிபோல அசையும். தையல் மெஷினின் சத்தம்கூட எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல இருக்கும். அந்த மயக்கத்தில்தான் அவள் அதைக் கண்டாள். ஆண் தங்கமீனின் செவுள்மூடியில் வெள்ளைப் புள்ளிகள்.

கப்பல் வேலைக்குப் போன தம்பி அந்த இரண்டு மீன்களையும் அவளை நம்பித்தான் விட்டுப் போயிருந்தான். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தொட்டியையே துடைத்துப் போட்டுவிடும் என்று பயமுறுத்தியும் இருந்தான். போதாக்குறைக்கு இந்த மீன் காலையிலிருந்து பெண்மீனை விரட்டு விரட்டென்று விரட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தலைக்கேறிவிட்டதாக்கும்!

அள்ளி வாளியில் விட்டாள். தம்பி வைத்துவிட்டுப் போன நீல மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மருந்தோடு சேர்க்க வேண்டிய உப்பை மட்டும் அளக்கவில்லை. சமையலுக்குப் போடுகிற கை, தாராளமாகவே போட்டது. சற்று நேரத்தில் மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது.

சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்குள் விரல் தம்பியின் எண்ணை அழுத்திவிட்டது.

“உடம்பெல்லாம் உப்பு தூவின மாதிரி இருக்காக்கா?”

“இல்லடா. செவுள்லயும் முன்துடுப்பு ஓரத்துலயும் மட்டும்தான்.” குனிந்து பார்த்தாள். “வரிசையா இருக்கு. முடிச்சுத் தையல் போட்ட மாதிரி.”

நோய் இப்படி அளவெடுத்தா தைக்கும் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

தம்பி சிரித்தான். “அது சீக்கில்ல. ஜோடி சேர்ற பருவத்துல ஆணுக்கு அப்படித்தான் பூக்கும். மாப்பிள்ளையப் பிடிச்சு ஆஸ்பத்திரியில போட்டுட்டியே!”

“சிரிக்காதேடா, சாயுது! உப்பக் கை நிறைய போட்டுட்டேன்.”

சிரிப்பு நின்றது. “பதறிப்போய் உடனே தொட்டியில விட்டுடாதே, தாங்காது. தொட்டித் தண்ணிய டம்ளர் டம்ளரா வாளியில மாத்து.”

வாளியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்தாள், தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினாள். நீலம் மெல்ல வெளுத்தது. விடிகிற வானத்தைக் கையால் கலக்குவதுபோல் இருந்தது. ஃபோனில் கடல் இரைந்தது. செவுள் ஒருமுறை திறந்தது. வெகுநேரம் கழித்து மறுபடியும். பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பவனைப்போல, மீன் நிமிர்ந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“நேரா நிக்கிறான்டா.”

தொட்டிக்குத் திரும்பியவன் யாரையும் விரட்டவில்லை. ஒரு மூலையில் மிதந்தபடி மூச்சு வாங்கினான். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டபடி அவளும் கூடவே வாங்கினாள்.