வாரிய பனி

வடதுருவத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஔலு நகரத்தில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறேன் என்று ஐலா சொன்னபோது சிரிக்காத ஆளில்லை. முதலில் சிரித்தவன் புருஷன் இல்போ.

"டிசம்பர்ல வெளிச்சமே மூணு மணி நேரந்தான். இதுல கரண்டு வேறயா? பேசாம வீட்டை வித்துட்டு ஸ்பெயினுக்குப் போயிடலாம், வா."

பல வருஷமாக அவனுக்கு இதே பல்லவி. ஐலா விடவில்லை. கூரையில் பனி மூடிவிடும் என்று தெற்குச் சுவர் முழுக்கச் சூரிய மின்தகடுகளை நிமிர்த்திப் பதித்தாள். பந்தயமும் கட்டினாள். ஈஸ்டருக்குள் ஒரு நாளாவது, சுவர் தரும் மின்சாரத்தில் மட்டும் நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் வீட்டை விற்கச் சம்மதம். ஊரை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

மார்ச் தொடக்கத்தில் அடுப்புக்கு வேண்டிய மின்சாரத்தில் இன்னும் கொஞ்சம்தான் குறைந்தது. வெயில் ஏறினால் போதும் என்றிருந்தாள். வெயில் ஏறியது, மின்சாரம் இறங்கியது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. தகடுகளைத் துடைத்தாள், தட்டிப் பார்த்தாள். அவற்றை மாட்டித் தந்த ஆளைக் கூப்பிட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று காபி குடித்துவிட்டுப் போனான். தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது.

"இல்போ, உண்மையைச் சொல்லு. நான் நீச்சலுக்குப் போற நேரத்துல நீ என்னமோ பண்றே."

இல்போவின் முகம் சிவந்தது. "ஆமா, பண்றேன். சுவத்துக்கு முன்னாடி பனியைத் தரை தெரிய வாரிப் போடறேன். கீழ்த் தகட்டுக்கும் நல்லா வெயில் விழட்டுமேன்னு."

ஐலாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. முற்றம் சுத்தமாக இருந்ததைத் தினமும் பார்த்தவள்தான். பனி வாருவது இங்கே பல் தேய்ப்பது மாதிரி, யார் யோசிப்பார்கள்?

அப்போது வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசும் பக்கத்து வீட்டு ரெய்னோ.

"பனியை வாரினதுக்கு நன்றி. உங்க முற்றத்துலேர்ந்து அடிக்கிற வெளிச்சத்துல கண்ணு கூசி, சமையல்கட்டுல நிக்கவே முடியல. இப்பத்தான் நிம்மதி."

ஐலா முற்றத்தைப் பார்த்தாள். கறுத்த ஈரத் தரை. பக்கத்து வீட்டுப் பனி கண்ணைப் பறித்தது. சுவருக்குப் பாதி வெளிச்சம் கீழேயிருந்து வந்திருக்கிறது!

"மண்டு! அந்தப் பனிதான்யா வெயிலைத் திருப்பி அடிச்சுக்கிட்டு இருந்துது!"

இல்போ வாயைப் பிளந்தான்.

"சரி, ஸ்பெயின் ஸ்பெயின்னு உயிரை வாங்கினவன் நீ. நான் தோத்தா உனக்குத்தானே லாபம்? எதுக்கு வாரினே?"

அவன் கையுறையைக் கழற்றினான், திரும்ப மாட்டினான்.

"தெரியல, ஐலா. ஈஸ்டர் கிட்ட வர வர, நீ தோத்துடுவியோன்னு பயமா இருந்துச்சு."

ஐலா ஒரு மண்வாரியை அவன் கையில் திணித்து, இன்னொன்றைத் தானே எடுத்துக்கொண்டாள். வாரிக் குவித்த பனியை இருவரும் முற்றத்தில் திரும்ப இறைக்கத் தொடங்கினார்கள்.

ரெய்னோ கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார்.