ஜீப்பின் பக்கத்திரை

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தன. யுவராணி ஏறாமல் போனைப் பார்த்தபடி நின்றாள். கம்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்குப் பாடம் நடத்திக் காட்டியிருந்தாள். இன்று காலை முடிவு சொல்வதாக இருந்தது. லோயர் கேம்பைத் தாண்டி மலை ஏறினால் சிக்னல் கிடைக்காது.

"ஏறு ஆத்தா," என்றார் டிரைவர் ஒச்சாண்டி. "நீ வரலன்னா சுருளிப்பட்டிக்காரி ஒருத்தி காத்துக்கெடக்கா. அப்புறம் சீசன் முடியிற வரைக்கும் அவதான். கங்காணி ஆள மாத்த மாட்டாக."

உள்ளேயிருந்து அம்மா இருளம்மாள் கையை நீட்டினாள். யுவராணி ஏறிக்கொண்டாள்.

"தள்ளி உக்காருங்கடி, அமெரிக்காக்காரி வாரா," என்றாள் ராஜமணி. "விசா வந்துருச்சா புள்ள?"

"குமுளி வரைக்கும் வந்திருக்குக்கா."

ஜீப்பே சிரித்தது.

அமெரிக்க இலக்கியமும் வரலாறும் சேர்ந்த அமெரிக்கவியலில் அவள் எம்.ஏ. தேறியபோது அப்பா தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார். பட்ட அங்கியில் மகள். பின்னால் சுதந்திர தேவி சிலை. அவள் அமெரிக்கா போகப்போகிறாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அப்பாவும் மறுக்கவில்லை. பிறகு எந்தக் கடையில் வேலை கேட்டாலும், "பறந்து போற புள்ள, ஒனக்கு எதுக்குத்தா இது?" என்றார்கள். ஓரம் கிழிந்ததும் ஃப்ளெக்ஸை ஒச்சாண்டி கேட்டு வாங்கிப்போனார்.

லோயர் கேம்பில் போன் அடித்தது. பள்ளி ஆபீஸ் அம்மா.

"நல்லா நடத்துனீங்கன்னு கரஸ்பாண்டன்ட் சொன்னாகம்மா. ஆனா உங்க டிகிரில இங்கிலீஷ்ங்கிற பேரே இல்லையே. ரெண்டும் ஒண்ணுதான்னு கவர்மென்ட் பேப்பர் வேணுமாம்."

"மேடம், நாங்க படிச்ச நாவல், கவிதை பூராம் இங்கிலீஷ்தான்."

"எனக்குப் புரியுது. இன்ஸ்பெக்ஷனுக்கு வாரவுக கேப்பாகள்ல?"

"எழுதிப் போட்டிருக்கேன் மேடம். வந்துரும்."

"வரட்டும். ஆனா அதுவரைக்கும் வேற ஆள—"

ஜீப் வளைவில் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

"என்ன சொன்னாக?" என்றாள் அம்மா.

"நல்லா நடத்துனேனாம்."

ராஜமணி நகர்ந்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் வேலைக்கு வரத் தொடங்கிய பிறகு இதுதான் முதல் மழை. ஒச்சாண்டி வண்டியை நிறுத்தி இறங்கி, கூரையோடு சுருட்டிக் கட்டியிருந்த பக்கத்திரையை அவிழ்த்துவிட்டார். பட்ட அங்கியும் சுதந்திர தேவியும் சரசரவென்று இறங்கின.

"தப்பா நெனைக்காத ஆத்தா. கெட்டி ஃப்ளெக்ஸு, ஒரு சொட்டு ஒழுகாது."

குமுளி எல்லைச் செக்போஸ்ட்டில் ஜீப் நின்றது. குடைக்குள் நின்ற போலீஸ்காரர், திரையில் சிரித்துக்கொண்டிருந்தவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையசைத்தார். திரைக்கு உள்ளே, இருட்டில், யுவராணி காய் எடுக்கும் பையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.