மாட்டிறைச்சிப் பானையில் மிசோ

இருந்தவர்கள்: ஜப்பானின் கடற்கரை ஊரான சகாத்தாவிலிருந்து வந்த தோகாஷி, மலைப்பக்கம் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் சிஸுரு, மருமகன் ஒகுயாமா, பெரிய அலுமினியப் பானை ஒன்று. பக்கத்து அடுப்பில் நான். இந்தக் கதை அங்கே ஒட்டுக்கேட்டது. பெயர்கள் மட்டும் நான் வைத்தவை.

1

'இலையுதிர்காலத்தின் முதல் காற்று ஆற்றின் மேல்...'

வேண்டாம். காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

செப்டம்பர் ஞாயிறு. மாமிகசாகி ஆற்றங்கரை நெடுகக் கல் அடுப்புகள், புகை, சிரிப்பு. எல்லாப் பானையிலும் புதுச் சேப்பங்கிழங்கு. வாயில் வைத்தால் பல்லுக்கு வேலை வைக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். இதைவிட நல்ல ஞாயிறு எனக்குத் தெரியாது. மலைப்பக்கத்தில் கிழங்கோடு மாட்டிறைச்சியும் சோயா சாஸும் சேர்ப்போம். கடற்கரைக்காரர்கள் பன்றியும், மிசோ என்கிற புளித்த சோயா விழுதும். இதற்காக யாரும் சம்பந்தத்தை முறித்ததில்லை, பேச்சை முறித்திருக்கிறார்கள்.

2

மனைவி இறந்தபின் தோகாஷி தனியாள். போன குளிர்காலத்தில் பனி அள்ளும்போது விழுந்து, யாரோ பார்க்கும்வரை முற்றத்திலேயே கிடந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு என்று சிஸுரு அன்றிலிருந்து கெஞ்சுகிறாள். இன்று பதில் சொல்வதாக இருந்தார்.

(முதல் வரைவில் அவரைப் பாவப்பட்ட கிழவராக எழுதினேன். அடித்துவிட்டேன். மடியில் துணிப்பையை அணைத்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ஆள் அவர்.)

ஒகுயாமா விறகெடுக்கப் போனான். சிஸுரு வெங்காயத்தாளைக் கழுவப் போனாள். திரும்பியபோது பை காலி, தோகாஷி கலக்கிக்கொண்டிருந்தார். தெளிந்த குழம்பு சேற்று நிறமாகியிருந்தது.

"மாமா! என்னத்தப் போட்டீங்க?"

"மிசோ."

"மாட்டுக்கறியிலயா?"

"கறிய நான் ஒண்ணும் சொல்லல மாப்ள. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"அப்பா, இந்த ஊர்க்காரங்க பாத்தா பானையோட நம்மளயும் ஆத்துல தள்ளிடுவாங்க!"

"கத்தாதடி. பக்கத்து அடுப்புல ஒருத்தன் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

(அந்த ஒருத்தன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.)

"ஏம்ப்பா இப்படிப் பண்ணுன?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இங்க வந்துட்டா செத்துப்போற வரைக்கும் ஒங்க ருசிதான் எனக்கு. நீங்க ஒரு நாளு என் ருசியத் திங்கிறீங்களான்னு பாக்குறேன்."

சிஸுருவுக்கு அழுகை வந்ததா என்று... இல்லை, வரவில்லை. அவள் கணவனின் வாயையே பார்த்தாள்.

ஒகுயாமா ஒரு கிண்ணம் ஊற்றிக் குடித்தான். மெதுவாக மென்றான்.

"கேவலமா இருக்கு மாமா," என்றான்.

கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

3

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

"அப்ப, பதில்?" என்றாள் சிஸுரு.

"நாளைக்கு என் வீட்டுல வெச்சு."

முடிவு ஒன்று: அவர் மலைக்கு வருகிறார், சமையலறையில் தினமும் போர். முடிவு இரண்டு: அந்த இரண்டாம் கிண்ணமே போதும் என்று சகாத்தாவிலேயே இருந்துவிடுகிறார். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்தக் கிழவரைப் பிடித்தது. ஆகவே அவரை வாசலுக்கு உள்ளே நிறுத்துவதா, வெளியே நிறுத்துவதா என்பது உங்கள் பாடு.

மறுநாள் சகாத்தாவில், தோகாஷியின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.