நல்ல பழம்

அம்மா ஆப்பிளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தி முனையை உள்ளே இறக்கி ஒரு சுழற்றுச் சுழற்றினாள். குழிவாகத் தோண்டி எடுத்ததைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"அழுகல எடுக்கறேன்."

"எங்க இருக்கு அழுகல்? காட்டு பாப்போம்."

அம்மா கூடைக்குள் குனிந்து பார்த்தாள். விழுந்து கிடந்த துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பொறுக்கி எடுத்துப் புடவையில் துடைத்துத் தட்டில் சேர்த்தாள்.

"கை அதுபாட்டுக்குப் போயிடுச்சுடி."

மகள் கத்தியை வாங்கிக்கொண்டாள். பக்கத்து அறையில் அப்பா இருமினார். இருமி முடித்த பிறகு வந்த அமைதியில் இருவரும் அசையாமல் நின்றார்கள். அடுத்த இருமல் வந்ததும் அம்மா மறுபடி கூடைக்குள் குனிந்து, வேறு ஏதாவது நல்லது விழுந்திருக்கிறதா என்று தேடினாள்.

அந்த வீட்டுக்குள் முழு ஆப்பிள் வந்ததில்லை. குளிர்பதனக் கிடங்கில் அப்பாவுக்குப் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. இறக்கும்போது அடிபட்டு, கடைக்கு அனுப்ப முடியாத பழங்களை ஆட்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். சட்டையை மடித்துக் கட்டி, அதில் போட்டுக்கொண்டு வருவார் அப்பா. அம்மா குழி தோண்டுவாள். மிஞ்சியதுதான் ஆப்பிள். பள்ளிக்கூடத்தில் ஆப்பிள் வரையச் சொன்னபோது மகள் ஒரு பக்கம் பள்ளம் வைத்து வரைந்தாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் அந்தப் பள்ளத்தை நிரப்பினார். வகுப்பு சிரித்தது. பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், சொந்தக் காசில் எது வேண்டுமானாலும் வாங்க முடிந்த பிறகும் அவள் ஆப்பிள் மட்டும் வாங்கியதில்லை. நேற்று சாயங்காலம்தான் முதல்முறை.

காரணம் ஆப்பிள் பெட்டியின் மூடியில் இருந்த படம். தங்க நிறத்தில் வெந்த மாவு, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள், பட்டைகளுக்கு நடுவே பளபளக்கும் பழத் துண்டுகள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவின் முகத்துக்கு நேராக அந்தப் படம் போய் வந்துகொண்டிருந்தது. அவர் அதற்கு ஜன்னல் பலகாரம் என்று பெயர் வைத்திருந்தார்.

"பட்டதாரி, இதுக்கு என்ன பேரு?" என்று ஒருமுறை மூடியைக் கிழித்துக்கொண்டு வந்து கேட்டார்.

"டார்ட்டுப்பா."

"வீட்ல பண்ண முடியுமா?"

"ஓவன் வேணும்."

"அப்ப நமக்கில்ல" என்று சொல்லிவிட்டு அந்த அட்டையை மிளகாய் டப்பாவுக்கு மூடியாக வைத்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. நேற்று, ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வரும் வழியில், வண்டிக்குள் படுத்தபடியே, அவர் திரும்பவும் கேட்டார். குளிரிலேயே வேலை செய்து கெட்டுப்போன நுரையீரல். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வாங்கியது.

"அந்த ஜன்னல்... என்ன ருசியா... இருக்கும்?"

மாவு பிசைந்துகொண்டிருக்க நேரமில்லை. கடையில் உறைய வைத்த மாவு விற்றார்கள். தாள் மாதிரி உருட்டி, பாக்கெட்டில் போட்டிருந்தது. விரித்தால் போதும், பழத்தை அடுக்கிச் சூட்டில் வைத்தால் போதும் என்று பாக்கெட்டின் பின்னால் போட்டிருந்தது. ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுக்க எட்டாமல் இருந்த பண்டம் இவ்வளவு சுலபம் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மாவு இளகுவதற்குள் அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். மூன்று தலையணைகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் அதன் மேல் மெதுவாக ஊர்ந்தது.

"ஒரு அடிகூட... இல்லையே" என்றார். "இறக்கினவன்... கெட்டிக்காரன்."

"உனக்குத்தான்பா. ஜன்னல் பண்ணப் போறேன்."

"நல்ல பழத்தப் போயி... எதுக்கு வெட்டறே? விக்கிற பழம்டி."

அவள் பழத்தைத் திரும்ப எடுத்தாள். அவர் விரல்கள் விட மனமில்லாமல் விட்டன.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "வாய்ல எதும் குடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிச்சு. நெஞ்சுக்குள்ள போயிடுமாம்."

"நர்ஸ் இன்னும் என்னென்னவோ சொன்னா. இன்னிக்கோ நாளைக்கோன்னும் சொன்னா. அப்புறம் எதுக்கும்மா பத்தியம்?"

"உன்னாலதான் போனாருன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லிட்டா?"

"சொல்லட்டும். நாக்குல தடவி விட்டுட்டுப் பழிய நான் வாங்கிக்கறேன்."

அம்மா சமையலறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மகள் மெல்லிசாக நறுக்கிய துண்டுகளின் மேல் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவினாள். மகள் எலுமிச்சையைப் பிழிந்தபோது அது எதற்கு என்று கேட்டாள்.

"வெட்டி வச்ச பழம் கறுக்காம இருக்க."

"இத்தன வருஷம் இது தெரியாமப் போச்சே." அம்மா விரல் நுனியை நக்கிப் பார்த்தாள். "கறுத்ததத்தான் தின்னோம்."

மகள் மாவை விரித்து, பழத்தை அடுக்கி, மேலே மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாள். பட்டைகள் கோணலாகப் போயின. பரவாயில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழ் வீட்டில் இருந்த தையல்காரக்காவிடம் ஓவன் இருந்தது. யாரோ வீடு காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. உள்ளே நூல்கண்டுகளும் பித்தான் டப்பாக்களும் நிறைந்திருந்தன.

"இது வேலை செய்யுமாக்கா?"

"யாருக்குத் தெரியும்? கதவு இருக்கு, பூட்டுது. எலி நூலைக் கடிக்கல. எனக்கு அது போதும்."

இருவரும் நூல்கண்டுகளைக் கட்டிலில் கொட்டினார்கள். ஓவன் முதலில் துணி கருகும் நாற்றம் அடித்தது. பிறகு சூடானது. தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மகள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு இங்க உக்காந்துட்டே? மேல போயேன். நான் பாத்துக்க மாட்டேனா?"

"கருகிடும்க்கா. ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்கினேன்."

அக்கா திரும்பவும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், அப்பா இருமுவது தெளிவாகக் கேட்டது.

"உங்கப்பா இருமல்தான் எனக்குக் கடிகாரம்" என்றாள் அக்கா. "அவரு வேலைக்குக் கிளம்பறப்ப ஒரு இருமல். திரும்பி வந்தா ஒரு இருமல். நான் உலை வைக்கறதே அதக் கேட்டுத்தான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டைகள் மெல்ல உப்பின. சர்க்கரை உருகிக் கொதித்து ஓரங்களில் வழிந்தது. வெள்ளை மாவு மஞ்சளானது. மஞ்சள் சிவக்கத் தொடங்கியபோது, அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கு, அது பெட்டியின் மூடியில் இருந்தது மாதிரியே இருந்தது. கோணல்கூடத் தெரியவில்லை.

தையல் மெஷின் நின்றது.

"ஏய்" என்றாள் அக்கா. "இருமலக் காணோம்."

மகள் கூரையைப் பார்த்தாள். பிறகு ஓவனைப் பார்த்தாள். அக்கா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போடி. போ."

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஈரத்துணி. அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னாங்களேன்னு துணிய நனைச்சு உதட்டுல வைக்கலாம்னு போனேன்." அம்மா துணியைப் பிழிந்தாள். தரையில் நீர் சொட்டியது. "திரும்பி வரதுக்குள்ள."

கீழேயிருந்து பட்டையும் வெந்த பழமும் கலந்த வாசனை படியேறி வந்து அறையை நிரப்பியது. ஜன்னல் கதவைத் திறக்க மகளுக்குத் தோன்றவில்லை.

முதலில் வந்தது கொக்கி மாமா. அப்பாவோடு பெட்டி தூக்கியவர். பெட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியை இடுப்பில் செருகியபடியே எங்கும் போவார். இங்கேயும் அப்படியே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சொல்லாம இறக்கி வச்சிட்டுப் போயிட்டியே" என்றார்.

பிறகு கிடங்கின் சூப்பர்வைசர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு ஆள் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே மூடி. அதே படம். பெட்டியின் அடிமூலை ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது.

"கம்பெனி சார்பா" என்றார் சூப்பர்வைசர். "ஒரு வேளைக்கு ஆகும்."

மகள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "எந்தத் தரம் சார் இது?"

"தரமெல்லாம் இப்பப் பாத்துக்கிட்டா... இருந்தத எடுத்துட்டு வந்தோம்மா."

"கிடங்கு நெறைய வேற எதுவுமே இல்லையா? செத்ததுக்கும் அடிபட்டதுதானா?"

சூப்பர்வைசர் கொக்கி மாமாவைப் பார்த்தார். கொக்கி மாமா தன் பாதங்களைப் பார்த்தார்.

"திரும்ப எடுத்துட்டுப் போங்க."

"உள்ள வாங்கி வை" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "வந்தவங்களுக்கு என்னத்தக் குடுப்பே?"

மகள் அசையவில்லை. கொக்கி மாமாதான் பெட்டியைத் தூக்கினார். இடுப்பிலிருந்த கொக்கியை எடுக்காமல், வெறும் கையால் தூக்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

"விடும்மா" என்றார் அவளிடம். "நாளைக்கு நான் போனாலும் இதான் வரும்."

மத்தியானம் வண்டி வந்தது. அப்பாவைக் கட்டிலோடு இறக்கும்போது படி வளைவில் கட்டில் சட்டம் சுவரில் இடித்தது. "பாத்து, பாத்து, அடி படாம" என்று கொக்கி மாமா கத்தினார். தூக்கியவர்கள் நின்று, நிதானித்து, இறக்கினார்கள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது சமையல் மேடையில் ஒரு தட்டு துணி போட்டு மூடியிருந்தது. தையல்காரக்கா கொண்டுவந்து வைத்திருந்தாள். துணியில் ஊசி குத்திய ஓட்டைகள். மகள் துணியை எடுத்துப் பார்த்தாள். கருகவில்லை. சரியாக வெந்து சிவந்து ஆறிப்போயிருந்தது.

"இதானா அந்த ஜன்னலு?" கொக்கி மாமா எட்டிப் பார்த்தார். "லோடு இறக்கறப்பல்லாம் சொல்லுவான். ஒரு நாளு தின்னு பாக்கணும்டான்னு. தின்னுட்டானா?"

மகள் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே மென்றார். வெகுநேரம் மென்றார்.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." விழுங்கினார். கையைச் சட்டையில் துடைத்தார். "பெருசா ஒண்ணுமில்ல."

அவர் போனார். படியின் கைப்பிடிக் கம்பியில் கொக்கி உரசும் சத்தம் கீழ்வரை கேட்டது. பிறகு தையல் மெஷின் சத்தம் கேட்கும் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

அம்மா நேற்றிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. மகள் இன்னொரு துண்டை வெட்டி, தட்டில் வைத்து, அவள் மடியில் வைத்தாள்.

"தின்னும்மா. நல்ல பழம்."

அம்மா துண்டைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினாள். அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நன்றாக வெந்து பழுப்பேறியிருந்த ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒதுக்கிவிட்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.