ஈறு நிறத்தில் ஒன்பது கார்கள்

மதுரனிடம் முப்பத்தொரு கார்கள் இருந்தன. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குபவை; அறுபது, எழுபதுகளில் ஜப்பானில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களின் மாதிரிகள். நெல்லியடியிலிருந்து மாற்றலாகிப் பதுளைக்கு வந்த கணித ஆசிரியர் அவர். அறையிலிருந்த கண்ணாடி அலுமாரியில் தூசு தட்டுவதற்குக்கூட வேறொருவரை விடமாட்டார்.

இரண்டு வருடம் தேடி வரவழைத்த டட்சன் ஃபெயார்லேடி இசட் காரில் பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து, பெட்டிக்குள்ளும் இல்லாமல் போயிருந்தது. அந்தக் கார்களுக்குக் கண்ணாடி கதவில் இராது. முன் சக்கரங்களுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். போனது அரை அரிசி அளவுதான். மதுரனுக்கோ காரின் முகமே கோணிப்போனது போலிருந்தது.

"பல்லு கட்டுற லேப்ல ஜீவராணின்னு ஒருத்தவங்க இருக்காங்க. அவங்களால ஏலும், போய்ப் பாருங்க," என்றார் கூடப் படிப்பிக்கும் ஸியாம்.

ஜீவராணி ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பொய்ப்பற்கள் செய்வது அவர் தொழில். மதுரன் பெட்டியைத் திறந்ததும் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார்.

"இசட் தானே சார்? எழுபத்தொண்ணு மாடலா?"

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"பார்த்தா தெரியுதே. ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க."

"இதை நான் ஒருத்தரிட்டையும் குடுக்கிறேல்லை."

"அளவு எடுக்காம செய்ய முடியாதுங்க சார்."

மதுரன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போனபோது காரில் இரண்டு கண்ணாடிகளும் இருந்தன. எது புதியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் குனிந்து பார்ப்பதைக் கண்டு சிரித்த ஜீவராணி, சுவர் அலுமாரியைத் திறந்தார்.

உள்ளே ஒன்பது கார்கள். மஸ்டா கொஸ்மோ, ஹொண்டா எஸ் எண்ணூறு, பழைய ஸ்கைலைன். எல்லாமே ஈறின் இளஞ்சிவப்பு நிறம்.

"பல்செட்டு ஈறுக்குக் கலக்குற பிளாஸ்டிக்ல மிஞ்சினது சார். படத்தைப் பார்த்து மெழுகுல செஞ்சி, அச்செடுத்து ஊத்துவேன். மொதல்ல பெயிண்ட் இல்ல. அப்புறம் இந்தக் கலரே புடிச்சிப் போச்சு."

அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில், பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று அவர் ஊர் வழியாகக் கொழும்புக்குப் போகும் வீதியில் போனதாம். ஒரு வெள்ளிநிறக் கார் சூடேறி ஹல்துமுல்லையில் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றும்வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். "அது என்ன காருன்னு கண்டுபுடிக்கவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு. கொஸ்மோ."

மதுரன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சக்கரங்களுக்கிடையிலான தூரம், கூரையின் சரிவு, ஜன்னல் ஓரத்தின் மெல்லிய விளிம்பு, எதிலும் பிழையில்லை. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"இதில என்ன இருந்தது?"

"என்னோட இசட். உங்களோடதை அளந்தப்பதான் தெரிஞ்சுது, நான் பொனட்டை ரெண்டு மில்லிமீட்டர் குட்டையா செஞ்சிருக்கேன். ஒடைச்சிட்டேன். மறுபடி செய்யணும்."

மூன்று மாத உழைப்பாம். சாதாரணமாகச் சொன்னார். தன் முப்பத்தொன்றில் ஒன்றையாவது இவரளவுக்குத் தனக்குத் தெரியுமா என்று மதுரன் நினைத்தார்.

"பண்டாரவளையில இப்பிடிக் கார் சேகரிக்கிற ஆக்கள் கூடுகினம். நீங்கள் கட்டாயம் வரவேணும்," என்றார்.

ஜீவராணி தன் ஒன்பது கார்களோடு வந்தார். மண்டபம் முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். அவர் மேசையை முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் குனிந்து பார்த்து நண்பரைக் கூப்பிட்டார், பிறகு கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. கண்டியிலிருந்து வந்திருந்த றுஷ்தி கொஸ்மோவை விலைக்குக் கேட்டார்.

"விக்கிறதில்லைங்க," என்ற ஜீவராணியின் கண் எதிர் மேசைக்குப் போனது. "அந்த டொயோட்டா ரெண்டாயிரம் ஜீடி உங்களோடதுங்களா? பின்பக்கம் எப்படி எறங்குதுன்னு படத்துல சரியா தெரியல. ஒரு தடவ வெளிய எடுத்துப் பார்க்கலாங்களா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருடமாக முத்திரை உடையாத பெட்டி அது; உடைத்தால் பாதி விலைக்குக்கூடப் போகாது. றுஷ்தி இளஞ்சிவப்புக் கொஸ்மோவை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்த சிறு கத்தியால் முத்திரையைக் கீறினார்.

"இந்தாங்க, நீங்களே எடுங்க."

ஜீவராணி கையைத் துடைத்துக்கொண்டு காரை வெளியே எடுத்தார். அரை மணி நேரம் திருப்பித் திருப்பி அளந்தார். அவர் சொன்ன எண்களையெல்லாம் றுஷ்தி பக்கத்தில் நின்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.