எடை மிகுதி

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டிகளை நிறுத்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: எடை குறைந்தால் மேஸ்திரி திட்டுவார், எடை மிகுந்தால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். அதனால், "தங்கள் மகளின் எடை மிகுதியாக உள்ளது" என்று மகளின் பள்ளியிலிருந்து முத்திரையோடு கடிதம் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பாஸாகிவிட்டாள்!

அதற்குமேல் ஒரு வரி படிக்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, லேமினேஷன் போட்டு, வாசல் கதவுக்கு மேலே மாட்டினாள். தொழிற்சாலையில் சும்மா கொடுக்கும் உடைந்த பிஸ்கட்டைத் தெருவுக்கே பங்கு வைத்தாள்.

"அடடே, இது எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கே!" என்று எதிர்வீட்டுக்காரி பீரோவைக் குடைந்தாள். பொழுது சாய்வதற்குள் இன்னும் ஆறு வாசல்களில் கடிதம் பளபளத்தது.

ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் 'பன்னு' என்று பெயர். அவள் மட்டும், "அம்மா, கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கு" என்றாள்.

"பாராட்டுன்னா நாலு வரி எழுதத்தான் செய்வாங்க. நீ சாப்பிடு."

மூன்றாம் நாள் பள்ளி நர்ஸ் வந்தாள். வாசலில் தொங்கியதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது பரிசு இல்ல. வயசுக்கு மீறின எடை. இப்படியே விட்டா முட்டி வலி வரும், சின்ன வயசுலயே சர்க்கரை வந்துரும்."

அவள் முகம் சுருங்கிப்போனது. சிறுவயதில் அவளை எல்லோரும் 'ஈர்க்குச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் மகளுக்கு வரக் கூடாது என்றுதான் பை பையாக பிஸ்கட் உடைசலைக் கொண்டுவந்து ஊட்டினாள். அதுவே தப்பு என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இப்ப நான் என்னதான் செய்யணும்?"

நர்ஸ் கடைசி வரியைக் காட்டினாள்: 'குழந்தையைத் தினமும் ஒரு மணி நேரம் பூங்காவில் ஓடி விளையாடச் செய்யவும்.'

"எந்தப் பூங்கா? பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடினா லாரிக்கு அடியிலதான் ஓடணும்."

நர்ஸ் நெளிந்தாள். "பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே கடிதம்தான் அனுப்பினாங்கக்கா. பூங்கா அந்தப் பக்கம்தான் இருக்கு."

அச்சடித்த புண்ணியவான்கள் பாலத்தைத் தாண்டி வந்ததே இல்லை போலிருக்கிறது.

மறுநாள் உடைசல் பையை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். கடிதத்தைக் கழற்றினாள், பன்னுவின் கையைப் பிடித்தாள், பாலத்தைக் கடந்தாள். பூங்கா வாசலில் காவலாளி மறித்தார்.

"இது இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்மா."

அவள் கடிதத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "முத்திரை இருக்கா? 'பூங்காவில் ஓடி விளையாடச் செய்யவும்'னு போட்டிருக்கா? செய்யலைன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

காவலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"லேமினேஷன் வேற போட்டிருக்கு..." என்று முனகியபடி கேட்டைத் திறந்துவிட்டார்.

பன்னு இரண்டு சுற்று ஓடி, மூச்சு வாங்க வந்து, "அம்மா, நீயும் வா" என்றாள். அவளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்.

அடுத்த நாள் சாயங்காலம் காவலாளி பாலத்தைப் பார்த்தார். ஏழு அம்மாக்கள், ஏழு பிள்ளைகள், ஏழு லேமினேஷன்.

"கேட்டை நல்லாத் திறங்கண்ணே," என்றாள் அவள். "எல்லாமே முத்திரை குத்தின சரக்கு."