மூன்று மணித் தண்ணீர்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒரு வரி. நகர மன்ற அலுவலகத்தின் எழுத்தர் அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை என் மேசைமேல் வைத்து, "ஒரே ஒரு வரி போதும் சார், கீழே ஒரு கையெழுத்து" என்றார். அதை என்னால் எழுத முடியவில்லை. எழுதாமல் விட்ட வரி வளர்ந்து இப்படி வந்து நிற்கிறது. ஒரு வரி கேட்டால் கதை கொடுப்பவனை எங்கள் ஊரில் எழுத்தாளர் என்கிறார்கள். [மரியாதைக்குத்தான்.]

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"இந்தச் சிறு நகரத்தின் அடியில், யார் கண்ணிலும் படாமல், ஓர் இருண்ட நதி" — அடித்தாயிற்று. சாக்கடையை நதி என்று எழுதுகிறவர்களை இருபது வருடமாகக் கிண்டல் செய்து பிழைத்தவன் நான்.

"தலைவர் தொண்டையைக் கனைத்ததும் மன்றக் கூடத்து மின்விசிறிகூட ஒரு கணம்" — இதுவும் வேண்டாம். தலைவரை வைத்துத் தொடங்கினால் கதை தன்னைப் பற்றியது என்று நினைத்துவிடுவார். ஊரே தன்னைப் பற்றியது என்று ஏற்கெனவே நினைக்கிறார்.

"என் தங்கை ஒரு சலவைக் கடை வைத்திருந்தாள்."

இது நிற்கட்டும். அந்த இறந்தகாலம் என் கைவேலை.

2

பதினோரு வருடம் ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவில் நின்று, சலவைச் சோடாவில் விரல்கள் வெந்து, அவள் பிறகு சொந்தமாகத் தொடங்கியது அந்தக் கடை. முன்னறையில் மூன்று இயந்திரங்கள். பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி. துவைத்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகாது, தொட்டியில் சேரும். அதற்குக் காரணம் இருந்தது.

ஊரின் கழிவுநீர் முழுக்க ஒரே பம்பு அறைக்குத்தான் வருகிறது. அங்கே ஒரு கிணறு. கிணற்றுச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தாண்டினால் பள்ளத் தெருவில் சாக்கடை மூடி தூக்கிக்கொள்ளும். பம்பு, ஊர் பாதியாக இருந்த காலத்தில் போட்டது. ஆகவே ஆறு வருடம் முன்பு மன்றம் தீர்மானம் போட்டது: புதிய பம்பு வரும்வரை புதிய கடைகளுக்கு இணைப்பு கிடையாது. புதிய பம்பு வந்ததா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடிக்கல் வந்தது. கல் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் தங்கைக்கு எப்படி இணைப்பு கிடைத்தது? பம்பு அறையைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய விண்ணப்பத்தின் ஓரத்தில் "தாங்கும்" என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்றம் அதை "பரிசீலனையில் உள்ள இணைப்பு" என்று பதிந்துகொண்டது. இரண்டு வருடம் அவள் பரிசீலனையிலேயே துணி துவைத்தாள்.

அந்தப் பம்புக்காரரை ஊரில் எல்லாரும் வால்வு அண்ணன் என்பார்கள்.

ஒரு நாள் என் சட்டைகளை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கைபேசி ஒருமுறை அடித்து நின்றது. பாதி வார்த்தையில் எழுந்து போய்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு வந்து, மீதி வார்த்தையைச் சொன்னாள்.

"என்னடி இது?"

"வால்வு அண்ணன். ஒரு தடவ அடிச்சா திற. ரெண்டு தடவ அடிச்சா மூடு."

"எடுத்துப் பேச மாட்டியா?"

"எடுத்தா திட்டுவாரு. கிணத்துல கோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, பேச ஏது நேரம்? சாப்பாட்டுக் கடைக்குப் பதினோரு மணி, சலூனுக்குப் பன்னெண்டரை, எனக்கு மூணு. முறை வச்சுத் தண்ணி விடறோம், அவ்வளவுதான்."

"யாராவது முந்தித் திறந்துட்டா?"

"சலூன்காரர் ஒரு தடவ திறந்தாரு. வால்வு அண்ணன் ஒரு வார்த்த கேக்கல. மூணு மாசம் முடி வெட்டிக்காம, தாடியோட அவர் கட வாசல்லயே தெனம் நடந்து போனாரு. அதுக்கப்புறம் யாரும் முந்தறதில்ல."

நானும் சிரித்தேன், அவளும் சிரித்தாள். குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போதே தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

3

வால்வு அண்ணனை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வார இதழுக்கு எழுதிய என் நகைச்சுவைப் பத்தியில் அவரை ஜோசியர் ஆக்கியிருந்தேன். கையில் கோல், நெற்றியில் சுருக்கம், "சலவைக்கு மூன்று மணி சிலாக்கியம், சலூனுக்கு இன்று சந்திராஷ்டமம்" என்று நாள் குறித்துக் கொடுக்கும் சாக்கடை ஜோசியர். படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். [சிரித்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.]

உண்மையான ஆள் அதிகம் பேசாதவர். இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கிணற்றங்கரையில் நிற்பார். பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, எந்தக் கடை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்திருந்தார். மழை நாளுக்குத் தனிக் கட்டம். அந்த ஆறு வருடத்தில் பள்ளத் தெருவில் ஒரு மூடிகூடத் தூக்கியதில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் கண்டுபிடித்தேன். அதுதான் என் தொழில்.

4

பத்தி உள்ளூர் வார இதழில் வந்தது. தலைப்பு: "சாக்கடைக்கு நல்ல நேரம்." குறி தலைவர்தான். "கொள்ளளவு என்பது குழாயில் இல்லை, மனத்தில் இருக்கிறது" என்று மேடையில் முழங்கியவரை ஊசி குத்திக் காற்றை இறக்க நினைத்தேன். ஊசி நீளம், பின்னால் நின்றவர்களுக்கும் குத்தியது.

மேல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: கொள்ளளவு தீர்ந்த ஊரில், சட்டத்தில் இல்லாத கால அட்டவணை எப்படி நடக்கிறது? தலைவர் பதறி ஆணை போட்டார்: இணைப்பு உள்ள எந்தக் கடைக்கும் பம்பு அறையிலிருந்து இனி அழைப்பு போகக் கூடாது. வால்வு அண்ணன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையும் சலூனும் என் தங்கையும் ஒன்றாகத் திறந்தார்கள். முறை போன பிறகு யாரும் யாருடைய நேரத்துக்கும் காத்திருக்கவில்லை. மணி அடித்தால் திறப்பதுதான் தெரியும், இரண்டு நாளாக மணி அடிக்கவில்லை, தொட்டிகள் நிரம்பிவிட்டன. பதினொன்றேகாலுக்குப் பள்ளத் தெருவில் மூன்று மூடிகள் தூக்கின. கொள்ளளவு மனத்தில் இல்லை, குழாயில்தான் இருக்கிறது என்று ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெரிந்துகொண்டது.

யாருடைய இணைப்பை வெட்டுவது? கடைசியாக வந்தது. பரிசீலனையில் உள்ளது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு.

5

இரண்டாம் பகுதியில் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். கவனக்குறைவு இல்லை. முதல் வரைவிலும் விட்டேன், மூன்றாவதிலும் விட்டேன். இரண்டாவதில், அவளே "எழுதுண்ணா, நல்லா இருக்கும்" என்று அனுமதி கொடுப்பதாகக்கூட எழுதிப் பார்த்தேன். படிக்க இயல்பாகத்தான் இருந்தது.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது இது:

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்?" என்றேன்.

6

[இந்தப் பகுதியில் என் தரப்பு நியாயம் நான்கு பத்திகளில் இருந்தது. பேச்சுரிமை, நகைச்சுவையின் கடமை, இன்னும் சில பெரிய சொற்கள். வேறொருவர் எழுதியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். எடுத்துவிட்டேன்.]

7

செவ்வாய்க்கிழமை எழுத்தர் அம்மாள் வீட்டுக்கே வந்தார். மன்றத்தில் மூளையோடு வேலைக்கு வரும் ஒரே ஆள்.

"சார், நீங்க எழுதினது முழுக்கக் கற்பனைன்னு ஒரு வரி குடுங்க. மேலிடத்துக்கு அத வச்சு பதில் போட்டுடறேன். அட்டவணையே இல்ல, பத்தி வெறும் தமாஷ், திங்கட்கிழம குழாயில துணி அடைச்சிருந்துச்சு, எடுத்தாச்சு. உங்க தங்கச்சி இணைப்பு அப்படியே இருக்கும். அவரும் பழையபடி மிஸ்டு கால் குடுப்பாரு. வியாழக்கிழம பதினோரு மணிக்குள்ள வேணும்."

எளிய காரியம். ஆனால் இருபது வருடத்தில் நான் எழுதிய எதையும் பொய் என்று ஒப்புக்கொண்டதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் என்னிடம் இருந்த சொத்து. அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு ஆள் தேடினேன். வால்வு அண்ணனிடம் போனேன்.

இதன் முந்தைய வரைவில் அவர் நிமிர்ந்து, "அப்ப ஆறு வருஷமா நான் செஞ்சதெல்லாம் கற்பனையா சார்?" என்று கேட்கிறார். நல்ல வசனம். என் கை கட்டிப்போடப்பட்டதுபோல் ஆகிவிடும். படிக்கிற நீங்களும் என்னை மன்னித்துவிடுவீர்கள்.

அவர் அப்படிக் கேட்கவே இல்லை. கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் இப்படித்தான் சொன்னார்:

"எழுதிக் குடுத்துடுங்க சார். நான் செஞ்சேன்னு ஏட்டுல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. தண்ணி போகணும், அவ்வளவுதான்."

ஆக, அந்த முட்டும் இல்லை.

8

புதன் முழுக்க எழுதினேன். ஒரு வரியாக எழுத மனம் வரவில்லை. வெறும் வரி அனாதையாக நின்றது. முன்னால் ஒரு பத்தி சேர்த்தேன். அதற்குச் சமமாகப் பின்னால் ஒன்று. கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள உறவு பற்றி ஒரு பக்கம். தலைவரை மிக மரியாதையாக ஒரு குத்து. வியாழன் பத்தே முக்காலுக்கு நான்கு தாள்களோடு அலுவலகத்தில் நின்றேன்.

எழுத்தர் அம்மாள் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். [எண்ணினேன்.] பிறகு தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல கற்பனைன்னு எங்க இருக்கு?"

"உட்பொருளா இருக்கும்மா."

"ஃபைல்ல உட்பொருள் வைக்க எடமில்ல சார். வரி எங்க?"

முன்னாலும் பின்னாலும் சேர்த்ததில், நடுவில் இருந்த அந்த வரியை எப்போதோ நடைக்கு இடறுகிறது என்று அடித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. "இங்கயே எழுதிடுங்க" என்று அவர் பேனாவை நீட்டும்போது கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது. தலைவர் வாசலிலேயே தாள்களை வாங்கிக்கொண்டார். தன் பெயர் வரும் இடத்தை ஆட்கள் எப்படித்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ.

மன்றக் கூடத்தில் பொதுமக்களுக்கு ஆறு நாற்காலிகள். கடைசியில் என் தங்கை, ஈரம் காயாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் என் நான்கு தாள்களையும் உயர்த்திப் பிடித்தார். "நமது எழுத்தாளர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் என்னைப் பற்றி ஒரு பக்கம். சந்தோஷம். கால அட்டவணை உண்மையா, கற்பனையா? அவர் வாயாலேயே சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்."

எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே சொல். அதை எப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன். ஏழெட்டு விநாடி இருக்கும். திரும்பிப் பார்த்தேன், தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கே சந்தேகம்போல" என்றார் தலைவர். கூடம் சிரித்தது. நல்ல கிண்டல், நேரம் தவறாத கிண்டல். என்னிடம் கற்றுக்கொண்டிருப்பார். சலவைக் கடை இணைப்பு ரத்து என்று பதிந்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து அவள் கேட்டது இவ்வளவுதான்: "கற்பனைன்னு சொல்ல உனக்கு என்னண்ணா ஆயிடும்?"

சனிக்கிழமை இரண்டு பேர் வந்து கடையின் பின்புறக் குழாய் வாயில் சிமென்ட் வைத்து அடைத்தார்கள்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் புதிய பம்பு வருகிறது. தலைவர் பொத்தானை அழுத்துகிறார், என் தங்கை கை தட்டுகிறாள். நம்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றில் நான் மன்றத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன், சிமென்டை உடைக்கிறார்கள், அவள் எனக்கு — இல்லை. அவளை எனக்காக அழவைக்க எனக்கு உரிமை இல்லை.

நடந்தது இது. இயந்திரங்களில் இரண்டைக் கடன் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று இருக்கிறது, மேலே துணி போர்த்தி. அவள் பழைய மருத்துவமனையிலேயே மறுபடி சேர்ந்துவிட்டாள், காலை வேலை. மதியம் கடைக்கு வந்து, தைக்கக் கிடைத்ததைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். பேசுகிறாள். "சாப்பிட்டியா அண்ணா?" என்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. நான் இருக்கும்போது எதைச் சொன்னாலும் ஒருமுறை யோசித்துவிட்டுச் சொல்கிறாள்.

எந்தக் கதைப் புத்தகத்தையும் பிரித்துப் பாருங்கள். முதல் தாளிலேயே, யாரும் கேட்காமலே, பொடி எழுத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள்: இதில் வரும் நிகழ்ச்சிகள் யாவும் கற்பனையே. என் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த வரிக்கு ஒரே ஒரு நாள் மதிப்பு வந்தது. அன்று அது என்னிடம் இல்லை.

நேற்று அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். மணி மூன்று. மேசைமேல் கைபேசி ஒருமுறை அடித்து நின்றது.

"இன்னுமா கூப்பிடறாரு? ஆணை இருக்கே?"

"இணைப்பு உள்ளவங்களுக்குக் கூப்பிடக் கூடாதுன்னுதான் ஆணை" என்றாள். "எனக்குத்தான் இணைப்பு இல்லையே. தெனம் அடிக்கிறாரு."

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். பழக்கம். பின்பக்கம் தொட்டி வரைக்கும் போனாள். தொட்டி காலி. குழாய்த் திருகில் கை வைத்தாள்.

இங்கே நான் பேனாவை வைத்துவிடுகிறேன். திருகைத் திறந்தாளா, சும்மா தொட்டுவிட்டுத் திரும்பினாளா, என்னைப் பார்த்தாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன், அதுதான் பயம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதை எழுதினாலும் அவளிடம் ஒருமுறை கேட்டுவிட்டு —